பீன்ஸ் பயிரின் கருகல் நோயும் குடியானவர் பழக்கங்களும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் பொருட்டு நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பயிருக்கு நேரும் கேடுகளைக் குடியானவர் மூன்று வகையாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். மழையும் காற்றும் செய்யும் கேடு ஒன்று. பூச்சியும் விலங்கும் செய்யும் கேடு ஒன்று. ‘நோய் விழுந்துவிட்டது’ என்று சொல்லிக் கைவிடப்படும் கேடு மற்றொன்று. இந்த மூன்றாவது வகையைக் காலக் கொடுமை என்றெண்ணி வாளாவிருப்போர் பலர். ஆனால் பீன்ஸ் பயிரில் காணும் கருகல் நோயைக் குறித்து நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த ஆராய்ச்சிகள் ஒரு செய்தியைத் தெளிவாக்கியிருக்கின்றன. அந்நோயை ஒரு நிலத்துக்குக் கொண்டுவருவதும், அங்கே அதைப் பரப்புவதும், அடுத்த போகத்துக்கு அதைப் பத்திரப்படுத்தி வைப்பதும் பெரும்பாலும் குடியானவரின் கைகளே. மழையையும் பனியையும் ஒருவராலும் தடுக்க இயலாது. எந்த விதையை விதைப்பது, எப்பொழுது வயலில் இறங்குவது, நீரை எவ்வாறு பாய்ச்சுவது, அறுவடைக்குப் பின் தாளை என் செய்வது என்பனவோ அவரவர் வசத்தில் உள்ளவை. அவற்றைப் பற்றியதே இச்சொற்பொழிவு.

இங்கே பீன்ஸ் என்று குறிப்பது, பந்தலில் படரும் நாட்டு அவரையை அன்று; மலைப் பிரதேசங்களில் காய்கறியாகப் பயிராவதும், முற்றிய விதையை வடநாட்டார் ராஜ்மா என்று சமைத்து உண்பதுமாகிய பயிரையே. இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு இதுவே இறைச்சியின் ஸ்தானத்தில் நிற்கும் ஆகாரம்.

நோயின் அடையாளங்கள்

கருகல் நோயில் இரண்டு வகைகள் முக்கியமானவை. இரண்டும் பாக்டீரியா என்னும் நுண்கிருமிகளால் உண்டாகின்றன. முதலாவது சாதாரணக் கருகல். 1892-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இதைப் பற்றி எழுதப்பட்டது. 1897-ல் எர்வின் ஸ்மித் என்னும் விஞ்ஞானி இதன் கிருமிக்குப் பெயரிட்டார். இலையின் ஓரங்களில் பழுப்பு நிறத் திட்டுகள் தோன்றி, சுற்றிலும் குறுகிய மஞ்சள் கரையுடன், நெருப்பு பட்டதைப் போல் காய்ந்துபோகும். 28 முதல் 32 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள உஷ்ணத்தில் இது செழித்து வளரும்.

இரண்டாவது ஒளிவட்டக் கருகல். இதை 1926-ல் நியூயார்க் மாகாணத்தில் பர்க்கோல்டர் என்பவர் பிரித்து விவரித்தார். இதில் புள்ளி சிறிது; நீர் ஊறியதைப் போல் இருக்கும். அதைச் சுற்றி நிலவைச் சூழ்ந்த பரிவேடம் போல் வெளிறிய மஞ்சள் வட்டம் அகலமாகத் தோன்றும். கிருமி வெளியிடும் ஒருவகை விஷமே அவ்வட்டத்துக்குக் காரணம். குளிர்ந்த பருவத்தில், 16 முதல் 20 டிகிரி வரையில் இது மிகுதி. வெப்பம் ஏறினால் வட்டம் தோன்றுவதில்லை. ஆகவே வெப்பமான இடத்துக்கு ஒரு கருகலும், குளிர்ந்த மலைச்சாரலுக்கு மற்றொரு கருகலும் காத்திருக்கின்றன.

இரண்டிலும் காய்களின் மீது எண்ணெய் பட்டது போன்ற ஈரப்புள்ளிகள் உண்டாகும். அக்காயை உண்பவருக்கு அக்கிருமியால் தீங்கில்லை. ஆனால் புள்ளி விழுந்த காய்க்குச் சந்தையில் விலையும் இல்லை. சங்கத்தில் கடன் வாங்கி விதைத்தவருக்கு அந்தக் கடனை அடைக்க வேண்டிய பணம் அங்கேயே போய்விடுகிறது.

கிருமியின் வலிமையும் வலிமையின்மையும்

பகைவனை வெல்ல வேண்டுமாயின் அவனுடைய பலவீனத்தை அறிதல் வேண்டும். பூசண நோய்களில் பல, இலையின் தோலைத் துளைத்துக்கொண்டு தாமே உட்செல்லும் ஆற்றல் வாய்ந்தவை. கருகல் கிருமிக்கு அந்த ஆற்றல் இல்லை. இலை மூச்சு விடும் நுண்ணிய துவாரங்கள் வழியாகவோ, காயம் பட்ட இடத்தின் வழியாகவோதான் அது உள்ளே புக வேண்டும். புகுவதற்கு இலையின் மேல் நீர் இருத்தல் வேண்டும். செடி விட்டுச் செடி செல்வதற்குச் சிறகும் இல்லை, காலும் இல்லை. தெறிக்கும் மழைத்துளி, ஈரத்தோடு வீசும் காற்று, மனிதரின் கையும் உடையும், மாட்டின் உடல், கருவியின் முனை ஆகியவையே அதற்கு வாகனம். மண்ணில் தனித்து நெடுநாள் வாழவும் அது வல்லதன்று. காய்ந்த தாளிலும் விதையிலும் ஒளிந்துதான் பிழைக்கிறது.

இவ்வளவு வலிமையற்ற ஒன்று வயல் முழுவதையும் அழிப்பது எவ்வாறு? அதற்கு வேண்டிய வாகனத்தையும் வாசலையும் வசிப்பிடத்தையும் விவசாயப் பழக்கங்களே அளித்துவிடுகின்றன.

விதை

நோய் புதிதாக ஓர் ஊருக்குள் நுழையும் பிரதான வழி விதையே. கிருமி விதையின் தோலுக்கடியில் தங்கி, விதை உயிரோடிருக்கும் வரையில் பல ஆண்டுகள் தானும் உயிரோடிருக்க வல்லது. நோய் முற்றிய விதை சுருங்கி நிறம் மாறியிருக்கும். அதைக் கண்ணால் கண்டு பொறுக்கி எறிந்துவிடலாம். ஆனால் பார்வைக்குப் பளபளவென்றிருக்கும் விதையிலும் கிருமி இருக்கக்கூடும். இங்கேதான் ஏமாற்றம் நேர்கிறது.

எத்தனை விதை கெட்டிருந்தால் பயிர் கெடும் என்பதை விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த வாக்கர், பட்டேல் என்னும் இருவர் ஆராய்ந்து 1964-ல் வெளியிட்டனர். பதினாறாயிரம் விதைகளில் ஒன்றே ஒன்று நோயுற்றிருப்பினும், அதாவது ஏக்கருக்கு ஒரு டஜன் விதைகள் இருப்பினும், பருவம் இடம் கொடுத்தால் வயல் முழுவதும் ஒளிவட்டக் கருகல் பரவப் போதுமென்று அவர்கள் கண்டனர். ஆயிரம் விதைகளைச் சோதித்து ஒன்றிலும் நோய் அகப்படாவிடினும், ‘இது சுத்தமான விதை’ என்று சத்தியம் செய்ய இயலாதென்பது இதனால் விளங்கும். ஆகையால் விதையைப் பார்த்து விதையை நம்புவது போதாது. அது விளைந்த வயலைப் பார்த்தே நம்ப வேண்டும்.

இந்த உண்மையைப் பெரும் பொருட்செலவில் கற்றுக்கொண்டவர்கள் அமெரிக்கக் குடியானவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பீன்ஸ் விதை பெரும்பாலும் நியூயார்க், மிச்சிகன் முதலிய கிழக்கு மாகாணங்களில் விளைந்தது. அங்கே கோடையிலும் மழை பெய்யும். விதையோடு கருகலும் வேறு நோய்களும் ஆண்டுதோறும் விளைந்தன. 1920-களிலும் அதன் பின்னரும் விதைப் பயிர் மேற்கே ராக்கி மலைகளுக்கு அப்பாலுள்ள வறண்ட நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐடஹோ மாகாணத்தில், ஸ்நேக் நதியின் பாய்ச்சல் பெற்ற ட்வின் பால்ஸ் பகுதி அவற்றுள் தலையாயது. அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய பத்து அங்குலமே. பயிர்க் காலத்தில் வானம் வறண்டிருக்கும். வாய்க்கால் நீர் சால்களின் வழியே வேருக்குச் செல்லும், இலை நனைவதில்லை. இலை நனையாத இடத்தில் கிருமிக்கு வழியுமில்லை.

ஆயினும் வறண்ட நிலம் மட்டும் காப்பாற்றவில்லை. 1960-களில் அந்த ஐடஹோவிலேயே விதை வயல்களில் ஒளிவட்டக் கருகல் தலைகாட்டியது. அதன்பின் அம்மாகாணத்தார் விதிகளை இறுக்கினர். நோயற்றதென்று பரிசோதிக்கப்பட்ட விதையையே விதைத்தல், பயிர் நிற்கும்போதே வயலைப் பரீட்சை செய்தல், நோய் கண்ட வயலை விதைக்கு ஆகாதென்று தள்ளி அழித்தல் ஆகியவை கண்டிப்புடன் நடத்தப்பட்டன. தனி மனிதர் ஒருவரால் செய்ய முடியாத இக்காரியத்தை, ஒரு பிரதேசத்து விவசாயிகள் அனைவரும் ஒரு கட்டுப்பாட்டுக்கு உடன்பட்டதனால்தான் செய்ய முடிந்தது.

களமும் சாக்கும்

வயலில் சுத்தமாக விளைந்த விதையும் களத்தில் கெடுதல் உண்டு. நோயுற்ற தாளை அடிக்கும்போது எழும் தூசியில் கிருமி நிறைந்திருக்கும். அது நல்ல விதையின் மேல் படிந்து, அடுத்த போகத்தில் நோயாக வெளிப்படும். கலிபோர்னியாவில் 1967-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைத் திடப்படுத்தியது. ஆகவே விதைக்கு உரியதை முதலில் அடித்து எடுத்தபின்னரே மற்றதைக் களத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். பல வீட்டார் ஒரே களத்தையோ இயந்திரத்தையோ உபயோகிக்குமிடத்தில், ஒருவர் அடித்து முடித்தபின் நன்றாகக் கூட்டித் துடைத்தல் அவசியம். பழைய சாக்கில் விதையைக் கட்டுவதும் இவ்வகைத் தவறே.

நீரும் ஈரமும்

பீன்ஸுக்குத் தண்ணீர் வேண்டும். பீன்ஸ் இலைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. பார் கட்டிச் சாலில் பாய்ச்சும் நீர் வேரை அடைகிறது. மேலிருந்து தெளிப்பானால் தெளிக்கும் நீரோ, இலையை நனைத்து, ஒரு செடியின் கிருமியை அடுத்த செடியின் மேல் தெறிக்கச் செய்கிறது. அது செயற்கையாகப் பெய்யும் மழையேயாகும். தெளிப்பானையே நம்பியிருக்கும் இடத்தில், மாலை முழுவதும் தெளித்து இரவெல்லாம் இலையை ஈரமாக விடுவதைக் காட்டிலும், வெயில் வந்து விரைவில் உலரும் வேளையில் தெளிப்பது மேலானது.

நெருக்கமாக விதைப்பதும், தழைச்சத்து எருவை மட்டுமீறி இடுவதும் இதனோடு சேர்ந்தவையே. செடி அடர்ந்து தழைத்தால் கண்ணுக்கு அழகு. ஆனால் அதனுள்ளே காற்று புகாது, பனி விரைவில் உலராது. களை மண்டிய வயலும் இவ்வாறே. உலராத ஒவ்வொரு நாழிகையும் கிருமிக்கு அனுகூலமான நாழிகை.

எல்லாவற்றிலும் சாதாரணமாகச் செய்யப்படும் தவறு, ஈர வயலில் இறங்குதலே. விடியற்காலையில் பனியோடு காயைப் பறித்தால் சந்தைக்கு வேளையோடு போய்ச் சேரலாம். மழை விட்டவுடன் களையெடுத்தால் களை எளிதில் வரும். இக்காரணங்கள் பொய்யல்ல. ஆனால் ஒரு மூலையில் நோயுற்று நிற்கும் பத்துச் செடிகளின் ஊடே ஒருவர் நனைந்த உடையோடு நடந்து மறுமூலைக்குச் சென்றால், அவர் நடந்த வழியெல்லாம் கிருமியை நட்டுக்கொண்டே செல்கிறார். பறிக்கும்போது கிள்ளப்பட்ட காம்பும், களைக்கொத்து பட்ட தண்டும் அதற்கு வாசல் திறந்துவைக்கின்றன. இலை உலரும் வரையில் பொறுத்திருப்பதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை, செலவாவது நேரமே. வேறு வழியில்லாதபோது, நோயற்ற பகுதியில் முதலிலும், நோய் கண்ட பகுதியில் கடைசியிலும் பறிப்பதென்ற வரிசையையாவது கைவிடலாகாது. நோயுற்ற செடியைப் பிடுங்குவதும் உலர்ந்த வேளையிலேயே செய்யத்தக்கது. ஈரத்தில் பிடுங்கினால் மருந்தே நோயாகும்.

தாளும் உழவும்

அறுவடை முடிந்தபின் வயலில் கிடக்கும் தாளே கிருமியின் வீடு. நிலத்தின் மேல் காய்ந்து கிடக்கும் தாளில் அது நெடுநாள் பிழைத்திருக்கும்; மண்ணில் ஆழப் புதைந்த தாள் மக்கும்போது அதுவும் மாண்டுபோகும். ‘அகல உழுவதிலும் ஆழ உழுவது நன்று’ என்னும் பழமொழி இங்கே மிகப் பொருத்தம். நோய் கண்ட தாளை எருக்குழியில் இடுவதாயின், நன்றாக மக்கிய பின்னரே வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். அரைகுறையாக மக்கிய எருவைப் பீன்ஸ் வயலில் இடுதல் ஆகாது. தானே முளைத்த பீன்ஸ் செடிகளை விட்டுவைப்பதும், நோயை அடுத்த போகம் வரையில் போஷிப்பதே.

அத்துடன், ஒரே நிலத்தில் போகந்தோறும் பீன்ஸையே விதைத்தல் கூடாது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குத் தானியமோ, கிழங்கோ, அவரை இனத்தைச் சேராத வேறு பயிரோ செய்தால், பழைய தாள் அழிந்து கிருமியும் குன்றும். சாதாரணக் கருகலின் கிருமி பீன்ஸோடு சேர்ந்த வேறு சில பயறு வகைகளிலும் தங்கக்கூடுமாதலால், மாற்றுப் பயிராகப் பயற்றினத்தைத் தேர்ந்தெடுப்பது உசிதமன்று. நிலம் குறைவாக உள்ளவருக்கு இது கஷ்டமே. வேலிக்கு அப்பால் அடுத்தவர் பீன்ஸ் போட்டிருந்தால் தமது மாற்றுப் பயிரின் பலனும் குறைந்துபோகிறது. ஊரார் கலந்து பேசி, எந்தப் பக்கம் எந்த ஆண்டு பீன்ஸ் என்று தீர்மானித்தால் இருவர்க்கும் நன்மை.

கலப்புப் பயிர்

மக்காச்சோளத்தோடு பீன்ஸைக் கலந்து விதைப்பது ஆப்பிரிக்காவில் பரம்பரையான வழக்கம். நெடுங்காலம் இதைப் பிற்போக்கான முறை என்று பலர் ஏளனம் செய்தனர். ஆனால் கென்யாவில் நடந்து 1981-ல் வெளியான ஆராய்ச்சியில், தனியே விதைத்த பீன்ஸைவிட மக்காச்சோளத்தோடு கலந்த பீன்ஸில் ஒளிவட்டக் கருகலும் சாதாரணக் கருகலும் குறைவாகக் காணப்பட்டன. எத்தியோப்பியாவின் கிழக்கிலுள்ள ஹரார்கே மேட்டுநிலங்களில் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளும் சாதாரணக் கருகலைக் குறித்து இதே கருத்தை வலியுறுத்தின. உயர்ந்து நிற்கும் சோளப் பயிர் மழைத்துளியின் வேகத்தையும் காற்றின் வேகத்தையும் தடுக்கிறது; ஒரு பீன்ஸ் செடிக்கும் மற்றொன்றுக்கும் நடுவே வேலியாகவும் நிற்கிறது. எனினும் எல்லா நோய்க்கும் இது மருந்தன்று. அதே கென்ய ஆராய்ச்சியில், நிழலும் ஈரமும் விரும்பும் வெண்பூசண நோய் கலப்புப் பயிரில் அதிகமாக இருந்தது. முன்னோர் வழக்கத்தைக் கண்மூடி ஏற்பதும் கண்மூடித் தள்ளுவதும் இரண்டுமே தவறு; சோதித்துப் பார்த்தலே முறை.

மருந்தும் ரகமும்

‘எதற்கு இவ்வளவு தொல்லை? மருந்து அடித்துவிட்டால் போகாதோ?’ என்று கேட்போர் உண்டு. தாமிரம் சேர்ந்த மருந்துகளை நோய் தொடங்குமுன்போ தொடங்கியவுடனோ தெளித்தால், இலையின் மேற்புறத்திலுள்ள கிருமிகள் ஓரளவு குறையும். உள்ளே புகுந்துவிட்ட கிருமியை அவை தொடமாட்டா. மழை பெய்தால் கழுவுண்டு போகும். விதைக்கு மருந்து கலப்பதும் வெளித்தூசியைச் சுத்தம் செய்யுமேயன்றி, தோலுக்கடியில் இருக்கும் கிருமியை முற்றிலும் ஒழிக்காது. நல்ல பழக்கங்களுக்குத் துணையாக மருந்தைக் கொள்ளலாம்; அவற்றுக்குப் பதிலாகக் கொள்வது பணத்தை மண்ணில் கொட்டுவதேயாகும்.

நோய் தாங்கும் ரகங்கள் மேலான உதவி. அமெரிக்கப் பாலைநிலங்களில் விளையும் டெப்பரி என்னும் சிறு பீன்ஸ் இனம் சாதாரணக் கருகலை நன்றாகத் தாங்கும். அதைப் பெரிய பீன்ஸோடு இணைத்து உண்டாக்கிய கலப்பைப் பற்றி 1956-ல் எழுதப்பட்டது. அவ்வழியிலும் வேறு வழிகளிலும் தாங்கும் சக்தி பெற்ற ரகங்கள் பின்னர்த் தோன்றின. ஆயினும் ஒரு கருகலைத் தாங்கும் ரகம் மற்றதைத் தாங்குமென்பது நிச்சயமில்லை.

சங்கத்தின் கடமை

கிழக்கு ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் வீட்டில் எடுத்துவைத்த விதையையோ சந்தையில் வாங்கிய விதையையோதான் விதைக்கின்றனர். அத்தாட்சி பெற்ற விதை விலை அதிகம்; வேண்டிய காலத்தில் கிடைப்பதும் அரிது. வீட்டு விதையை வைத்திருப்பவரைக் குறை கூறிப் பயனில்லை. சிக்கனமே அவரை அவ்வாறு செய்விக்கிறது. ஏழைக்குத் தனியே எட்டாத நல்ல விதையைக் கூட்டாக எட்டச் செய்வதே கூட்டுறவின் பயன்.

ஒரு சங்கம் நல்ல விதை கொஞ்சம் வாங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பீன்ஸ் போடாததும், மற்றப் பீன்ஸ் வயல்களுக்குத் தூரமானதுமான ஒரு துண்டு நிலத்தில், மழை குறைந்த பருவத்தில், சால் பாய்ச்சலில் அதைப் பெருக்கலாம். பூக்கும்போது ஒரு முறையும், காய் திரண்டபின் ஒரு முறையும் இருவர் மூவர் சேர்ந்து செடி செடியாகப் பார்வையிட வேண்டும். புள்ளி காணப்பட்டால் அந்த விளைவை விதையாக வைக்காமல், உண்பதற்கு விற்றுவிட வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் உண்டு. விதை வயல் தள்ளுபடியானால் நஷ்டம் அதைப் பயிரிட்ட ஒருவர் தலையிலேயே விழுமென்றால், அவர் புள்ளியைக் கண்டும் காணாதவர் போலிருப்பார். அது மனித இயல்பு. அவர் மறைத்த ஒரு புள்ளி அடுத்த போகத்தில் ஊர் முழுவதிலும் வெளிப்படும். ஆகவே விதைக்கும் உணவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைச் சங்கம் முழுவதும் பங்கிட்டு ஏற்பதென்று விதைப்பதற்கு முன்னரே தீர்மானம் செய்தல் வேண்டும். உண்மை சொல்பவர் நஷ்டமடையாத ஏற்பாடு இருந்தால்தான் உண்மை வெளிவரும்.

முடிவாக நினைவில் வைக்க வேண்டியவை:

1. நோயற்ற வயலில் விளைந்த விதையையே விதைக்க வேண்டும்.
2. களம், கருவி, சாக்கு ஆகியவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும்.
3. நீரைச் சாலில் பாய்ச்சி, இலை நனையாமல் காக்க வேண்டும்.
4. இலை உலரும் வரையில் வயலில் இறங்கலாகாது.
5. தாளை ஆழ உழுது, இரண்டு மூன்று ஆண்டுகள் மாற்றுப் பயிர் செய்ய வேண்டும்.
6. நோயைக் கண்டவர் மறைக்காமல் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றுள் முதல் ஐந்தையும் ஒருவர் தனித்தே தொடங்கலாம். ஆறாவது மட்டும் அண்டை அயலாரிடையே நம்பிக்கை இருக்குமிடத்தில்தான் நடைபெறும். கருகல் கிருமி வேலியைப் பார்ப்பதில்லை. யாருடைய வயல் என்று கேட்பதில்லை. அதை வெல்ல எழும் முயற்சியும் வேலியோடு நின்றுவிடலாகாது.